தவறை உணரும் மூளையை அளக்கும் படிப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உளவியல் இளங்கலை இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், வேலையின்போது மனிதர் செய்யும் தவறுக்கும் இயந்திரம் செய்யும் தவறுக்கும் மூளை எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது என்று அளக்கும் துறையில் மேற்படிப்புப் படிக்க விரும்புவதாகவும், இப்படியொரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று உங்களுக்குக் கவலையாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரில் வேலை விளம்பரம் எதுவும் உங்கள் கண்ணில் படாது. ஆனால் அந்த ஆய்வைச் செய்யப் பழகும் கைகளுக்கு வேலை கிடைக்கிறது.

துறை புதியதன்று. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஃபால்கென்ஸ்டைன் குழுவினரும் அமெரிக்காவில் கெரிங் குழுவினரும் தனித்தனியே ஒன்றைக் கண்டார்கள்: தவறான பொத்தானை அழுத்திய 100 மில்லிவினாடிக்குள், நெற்றிக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட இடத்தில், எதிர்மறை மின் அலை ஒன்று மூளையில் எழுகிறது. பிறர் தவறு செய்வதைப் பார்ப்பவரின் மூளையிலும் அதை ஒத்த அலை, சற்றுத் தாமதமாக எழுவதை 2004இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. 2017இல் அமெரிக்காவின் எம்ஐடி, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாக்ஸ்டர் என்னும் ரோபோ பொருளைத் தவறான பெட்டியின் பக்கம் கொண்டுபோகும்போது, பார்த்துக்கொண்டிருப்பவரின் மூளை அலையைக் கொண்டே அதன் தேர்வைத் திருத்திக் காட்டினார்கள்.

செய்தியாகப் படிக்க இது கவர்ச்சியாக இருக்கிறது. அன்றாட வேலையோ வேறு மாதிரி. பங்கேற்பாளரின் தலையில் மின்முனைத் தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் ஜெல்லைச் செலுத்தி, தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடை குறைகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். தேடும் அலை சில மைக்ரோவோல்ட்தான். ஒரு கண் சிமிட்டல் அதைப்போலப் பல மடங்கு பெரிய அலையை எழுப்பிப் பதிவைக் கெடுத்துவிடும். ஆகவே பதிவு செய்வதைவிடப் பதிவைச் சுத்தம் செய்வதில்தான் நாள்கள் கழியும்.

மனிதரையும் இயந்திரத்தையும் ஒப்பிடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. திரையில் தெரியும் தவறு இரண்டு முறையும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்க வேண்டும். செய்தவர் மனிதர், செய்தது கணினி என்ற நம்பிக்கை மட்டுமே மாற வேண்டும். அப்படியில்லாவிட்டால் எதை அளந்தோம் என்றே சொல்ல முடியாது. நம்பகமான இயந்திரம் அபூர்வமாகத்தான் தவறும், ஆனால் அபூர்வமாக எது நடந்தாலும் மூளை தனியே ஓர் அலையை எழுப்பும் என்பதால், தவறுக்கான எதிர்வினையையும் அபூர்வத்துக்கான எதிர்வினையையும் பிரித்தறியும்படி சோதனையை அமைப்பது தனிக் கலை. 5 விழுக்காடு தவறும் கணினியிடமிருந்து 30 தவறுகள் வேண்டுமென்றால் 600 முறை பார்க்க வைக்க வேண்டும். முறைக்கு 4 வினாடி என்றாலும் அது 40 நிமிடம். அதற்குள் பங்கேற்பாளருக்குத் தூக்கம் வந்துவிடும், அலையும் மாறிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் உங்கள் மகளுக்கு ஆர்வம் பிறக்கிறதா, அலுப்புத் தட்டுகிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

ஆய்வுப் பணியிலேயே நிலைக்க விரும்பினால் முனைவர் பட்டம் தவிர்க்க முடியாதது; நிரந்தர இடங்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுகலையோடு வெளியே வருபவர்கள் விமானம், வாகனம், மருத்துவக் கருவி ஆகிய துறைகளில் மனிதக் காரணிகள் பிரிவுக்கும் (மனிதரின் இயல்புக்கு ஏற்ப கருவியையும் வேலையையும் வடிவமைக்கும் பிரிவு), பயனர் ஆய்வுக்கும், தரவுப் பகுப்பாய்வுக்கும் போகலாம். அங்கே கேட்பது மூளையைப் பற்றிய அறிவை மட்டுமன்று. சோதனை வடிவமைப்பு, புள்ளியியல், பைத்தான் என்னும் நிரல்மொழி ஆகியவற்றையும் கேட்பார்கள். எனவே பட்டத்தின் பெயரைவிட, பாடத்திட்டத்தில் இம்மூன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆய்வகத்தில் மாணவர்களே பதிவு செய்ய விடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

ஊழியர்களின் மனத்தை வேவு பார்க்கும் வேலையாகிவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த அலை எண்ணங்களை வாசித்துச் சொல்லாது. ஆனாலும் உங்கள் அச்சம் வீணானதன்று. பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு விலக்களித்து, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது. இந்த ஒழுக்கநெறிக் கேள்விகளில் தேர்ந்தவர்களும் தேவைப்படுகிறார்கள்.

விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஈஆர்பி கோர் என்ற பெயரில் 40 பேரின் மூளை அலைப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தவறு அலையும் அவற்றில் உண்டு. எம்என்இ பைத்தான் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, இரண்டு மாதங்களில், ஒரே ஒருவரின் பதிவையாவது சுத்தம் செய்து அந்த அலையைத் தாமே வரைந்து பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். முதல் முயற்சியில் படம் கோணலாகத்தான் வரும். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அப்போது பேசலாம்.