எல்லைக்கோட்டில் நின்ற கோட்டைகள்

கேள்வி: தென் பிரான்சின் கார்க்கசோன் நகரில் வாடகைக் கார் எடுத்து, மலைக்கிராமங்கள் வழியாகக் காத்தார் கோட்டைகளைக் காணச் செல்கிறோம். மூன்று நாட்களில் எத்தனை கோட்டைகளைப் பார்க்க முடியும்? அவை காத்தார்கள் கட்டியவைதானா?

பதில்: இரண்டாவது கேள்விக்கே முதலில் விடை சொல்கிறேன். நீங்கள் காணப்போகும் சுவர்களில் பெரும்பகுதி காத்தார்கள் கட்டியவை அல்ல. மதவிரோதிகள் என்று திருச்சபை ஒதுக்கிய அந்த இடைக்காலக் கிறித்தவப் பிரிவினருக்கு உள்ளூர்ப் பிரபுக்கள் தங்கள் மலைக்கோட்டைகளில் புகலிடம் அளித்தார்கள். காத்தார்களுக்கு எதிராக 1209இல் தொடங்கிய சிலுவைப்போர் அப்பிரபுக்களின் ஆட்சியையே ஒழித்தது. பத்து மாத முற்றுகைக்குப் பின் 1244 மார்ச்சில் மோன்செகூர் கோட்டை வீழ்ந்தபோது, தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்த சுமார் இருநூறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். இன்று அங்கே 1,207 மீட்டர் உயரத்தில் நிற்கும் மதிலோ, அந்தக் கொடுமை நடந்தபின் எழுந்தது.

மற்ற கோட்டைகளின் கதையும் இப்படித்தான். 1258ஆம் ஆண்டின் கோர்பே உடன்படிக்கையால் பிரான்சுக்கும் தெற்கேயிருந்த அரகோன் அரசுக்கும் இடையே எல்லை வகுக்கப்பட்டதும், கெரிபூஸ், பெய்ர்பெர்த்யூஸ், புய்லோரான்ஸ் ஆகியவை பிரெஞ்சு மன்னரின் எல்லைக்காவல் கோட்டைகளாக வலுப்படுத்தப்பட்டன. 1659இல் பிரெனே உடன்படிக்கை எல்லையைத் தெற்கே பிரெனே மலைத்தொடருக்கு நகர்த்தியபின் அவற்றுக்கு வேலை குறைந்தது. நாளடைவில் கூரைகள் சரிந்தன.

உங்கள் முதல் கேள்விக்கு வந்தால், எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குகுஞான் கிராமத்தில் தங்கி, கெரிபூஸுக்கு ஒரு காலையையும் பெய்ர்பெர்த்யூஸுக்கு மறுநாள் காலையையும் ஒதுக்குங்கள். 728 மீட்டர் உயரத்திலுள்ள கெரிபூஸில், வெளியே முரட்டுப் பாறைபோல் தோன்றும் கோபுரத்துக்குள் நுழைந்தால், ஒரே ஒரு தூண் மேற்கூரையின் வளைவுகள் அனைத்தையும் தாங்கி நிற்கும் கூடம் இருக்கிறது. அந்தத் தூணருகே சற்று நேரம் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல்தளத்திலிருந்து, தொலைவில் பாறை முகட்டோடு முகடாக ஒட்டிக்கிடக்கும் பெய்ர்பெர்த்யூஸ் தெரியும். அங்கே சான் ஜோர்டி கோபுரத்துக்கு ஏறும் படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டவை. எத்தனையோ கால்கள் பட்டு வழவழத்துப்போனவை. பிடிப்புள்ள காலணி அவசியம். இடிமழை வந்தால் மேலே விடமாட்டார்கள். மோன்செகூர் மேற்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் மூன்றாம் நாள் முழுவதையும் அதற்கே கொடுங்கள்.

கேள்வி: மலைச்சாலைகளில் ஓட்டுவது கடினமா?

பதில்: வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் முதல் நாள் சமவெளியிலேயே ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளை விட, செங்குத்துப் பாறையைக் குடைந்து அமைத்த கலாமுஸ் பள்ளத்தாக்குச் சாலைதான் நிதானத்தைச் சோதிக்கும். சில இடங்களில் இரு கார்கள் ஒதுங்கிச் செல்லவே இடமிராது. சிறிய காராக எடுங்கள். கோடை நண்பகலில் கோட்டைகளின் மேல் நிழலே கிடையாது என்பதால், மே அல்லது செப்டம்பர் மாதமே உகந்தது.