கிணற்றில் வந்த வெள்ளைக்கல் சலவைக்கல்லா, கார்பனடைட்டா?

கேள்வி: திருப்பத்தூர் பக்கம் எங்கள் நிலத்தில் கிணறு வெட்டியபோது வெண்மையான, மினுங்கும் பாறை வந்தது. அமிலம் விட்டால் நுரைக்கிறது. ஊரார் சலவைக்கல் என்கிறார்கள். புவியியல் படிக்கும் என் மகள் கார்பனடைட்டாக இருக்கலாம் என்கிறாள். எந்தச் சோதனைக்குச் செலவு செய்யலாம்?

பதில்: கல் நுரைப்பதால் அதில் கார்பனேட் இருப்பது மட்டுமே தெரியும். அது கடலடியில் படிந்து பின்னர் உருமாறிய சலவைக்கல்லா, பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசப் பகுதியிலிருந்து பாறைக்குழம்பாக எழுந்த கார்பனடைட்டா என்பது தெரியாது. உங்கள் மகளின் ஊகம் வெறும் ஆசையன்று; உங்கள் மாவட்டத்துச் செவ்வாத்தூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியிலும், ஏறத்தாழ 80 கோடி ஆண்டுப் பழமையுள்ள கார்பனடைட் பாறைகள் உள்ளன. கார்பனேட் குழம்பு எரிமலையிலிருந்து வழிவதை இன்றும் காணக்கூடிய ஒரே இடம் தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய். அங்கே அது 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓடுகிறது. ஆனால் அது சோடியம் மிகுந்த குழம்பு. நம் பகுதியில் உள்ளவை கால்சைட், டோலமைட் என்ற கார்பனேட் கனிமங்கள் நிறைந்தவை.

முதலில் செலவில்லாமல் பாருங்கள். புதிதாக உடைத்த ஒரு துண்டை இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்து, காலையில் கழுவி, கைலென்ஸ் வழியே பார்த்தால், கால்சைட் கரைந்து தாழ்ந்த பரப்பின் மேல் அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தின் வெளிர்பச்சை மணிகள் புடைத்து நிற்கக்கூடும். தூளாக்கிய கல்லில் காந்தத்தை ஓட்டினால் கருமையான மேக்னடைட் துகள்கள் ஒட்டலாம். இவை இரண்டும் நிறைய இருந்து, பக்கத்தில் பைராக்சினைட், சயனைட் (syenite) போன்ற, குழம்பு உறைந்து உருவான பாறைகளும் தென்பட்டால், கார்பனடைட் என்ற ஐயம் வலுக்கும். மாறாக, காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும் கிராஃபைட் செதில்களும், அடுத்தடுத்துக் குவார்ட்சைட் பட்டைகளும் இருந்தால் ஊரார் சொல்வதே சரியாக இருக்கக்கூடும். காக்காப்பொன்னை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபுளோகோபைட் என்ற பழுப்பு நிறக் காக்காப்பொன் இரண்டு வகைக் கற்களிலும் வரும்.

செலவு செய்வதானால் ஸ்ட்ரான்சியம், பேரியம், அருமண் தனிமங்கள் ஆகியவற்றின் அளவுக்கே முதலில் செய்யுங்கள். சுண்ணாம்புக்கல்லில் பொதுவாகச் சில நூறு பி.பி.எம். (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) மட்டுமே இருக்கும் ஸ்ட்ரான்சியம், கார்பனடைட்டில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அருமண் தனிமங்களில் லாந்தனம், சீரியம் போன்ற இலேசானவை மிக அதிகமாகவும், இட்டர்பியம் போன்ற கனமானவை மிகக் குறைவாகவும் இருந்து, இலேசானதிலிருந்து கனமானது வரை அளவுகளை வரைந்த வரைபடம் செங்குத்தாகச் சரிவது இதன் தனி அடையாளம். கார்பனடைட்டில் எதிர்பார்க்கப்படும் நையோபியம் குறைவாக இருந்தால் மனம் தளர வேண்டாம். அது பைரோகுளோர் என்ற கனிமத்தில் கொத்துக்கொத்தாகக் குவிவதால், ஒரே துண்டில் அகப்படாமல் போகலாம்.

ஐசோடோப்புச் சோதனை கடைசியாக வரட்டும். ஒரே தனிமத்தின் கனமான, இலேசான அணுக்களின் விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகிறது என்பதே இதில் வரும் மதிப்பு. கவசத்திலிருந்து வந்த கார்பனின் மதிப்பு ஏறத்தாழ மைனஸ் 8 முதல் மைனஸ் 4 வரையும், ஆக்சிஜனின் மதிப்பு 6 முதல் 10 வரையும் அமையும். கடற்சுண்ணாம்பில் அவை முறையே பூச்சியத்தை ஒட்டியும் 20-க்கு மேலும் இருப்பது வழக்கம். எனினும், பின்னாளில் பாறைக்குள் ஊடுருவிய சுடுநீர் இந்த எண்களை, குறிப்பாக ஆக்சிஜனை, மாற்றிவிடும். ஆகவே எண் இடைப்பட்டு வந்தால் அதை மட்டும் நம்பாமல், தனிம அளவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது, வெயிலிலும் மழையிலும் கிடந்த மேல்தோலைத் தட்டி நீக்கிவிட்டு, கைப்பிடி அளவில் மூன்று வெவ்வேறு ஆழங்களிலிருந்து எடுங்கள். வெள்ளைக்கல் கருங்கல்லைத் தொடும் இடத்திலிருந்து ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். கார்பனடைட் நுழைந்த இடங்களில் அருகிலுள்ள பாறை கார நீர்மங்களால் மாறி, ஆம்பிபோல் என்ற நீலப்பச்சைக் கனிமம் பிடித்திருப்பதுண்டு. அந்த ஒரு துண்டைத்தான் நான் முதலில் பார்க்க விரும்புவேன்.