பணம் கட்டும் முன்பே மூச்சுத்திணறலை எழுத்தில் சொல்லிவிடுங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மாவுக்கு, எனக்கு வயது 64. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. வீட்டுக்குள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன். வெளியே கொஞ்ச தூரம் நடந்தாலே நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது. வெளியில் போகும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவியான, கையோடு கொண்டுபோகும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் தேவை. வெளிநாட்டில் இருக்கும் மகள், நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டரை, மடக்கிக் கொண்டுபோகும் வகையில், வாங்கித் தருகிறேன் என்கிறாள். கடைக்காரர் "ரொம்ப லைட் வெயிட் சார், ஃபிளைட்டிலேயே கொண்டுபோகலாம்" என்கிறார். ஆனால் முன்பணம் கட்டினால்தான் வண்டியை வரவழைப்பாராம். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருக்கிறது. அவர் வாய்ச்சொல்லை நம்பலாமா? சரிப்படாவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா? விமானத்தில் உடைந்துபோனால் யார் பொறுப்பு?

பதில்: ஐயா, நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்பது நல்ல விஷயம். இந்த மாதிரிப் பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியை வாங்கி, தூக்க முடியாமல் மூலையில் நிறுத்திவைத்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது என் வேலை பாதி பில்லைப் படிப்பது, மீதி வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுவது.

பொருள் விற்பனைச் சட்டத்தில் ஒரு பழைய விதி இருக்கிறது. பிரிட்டனின் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி, இலங்கையின் 1896 கட்டளைச் சட்டத்திலும் இந்தியாவின் 1930 சட்டத்திலும் மலேசியாவின் 1957 சட்டத்திலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. "இன்ன காரியத்துக்காக வாங்குகிறேன்" என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு அந்தப் பொருள் நியாயமான அளவில் பொருந்தவேண்டும். அது அவர் தொழிலாக விற்கிற வகைப் பொருளாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பில்லில் எழுதியிராவிட்டாலும் இது ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே கருதப்படும்.

இதில் "தெரிவித்து" என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. 1939-இல் இங்கிலாந்தில் ஒரு கோட்டு வழக்கு நடந்தது. ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியில் தைத்த கோட்டை வாங்கி அணிந்த ஒரு பெண்மணிக்குத் தோலில் அழற்சி வந்துவிட்டது. வழக்குப் போட்டார், தோற்றார். அவருடைய தோல் மற்றவர்களின் தோலைவிட மிக மென்மையானது. சாதாரணத் தோல் உள்ளவரை அந்தக் கோட்டு ஒன்றும் செய்திருக்காது. தன் தோலைப் பற்றி அவர் கடையில் சொல்லவும் இல்லை. சொல்லாத குறைக்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார் என்றது நீதிமன்றம். மூச்சுத்திணறலும் அப்படிப்பட்டதுதான். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் உங்களைப் பார்த்து, இவரால் பத்துக் கிலோவைக் குனிந்து தூக்க முடியாது என்று யாரும் ஊகிக்கமாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான வழக்கும் இருக்கிறது. நீண்ட பயணத்துக்கு வசதியான கார் வேண்டும் என்று ஒருவர் விற்பனையாளரிடம் கேட்டார். அவர் புகாட்டி காரைப் பரிந்துரைத்தார். வந்த வண்டி அந்தக் காரியத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. 1925-ஆம் ஆண்டுத் தீர்ப்பறிக்கையில் உள்ள அந்த வழக்கில் வாங்கியவர் ஜெயித்தார். நீங்கள் பெயர் சொல்லித்தானே வாங்கினீர்கள் என்ற வாதம் எடுபடவில்லை. அவர் நம்பியது விற்பவரின் பரிந்துரையைத்தான். இதிலிருந்து ஒரு எச்சரிக்கை: இணையத்தில் பார்த்துவிட்டு "இந்த கம்பெனியின் இந்த மாடல் வேண்டும்" என்று ஆர்டர் போடாதீர்கள். 1930 சட்டம் போன்ற பழைய சட்டங்களில், வணிகப் பெயரைக் குறிப்பிட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு நழுவிப்போக இடம் உண்டு. "என் நிலைமை இது, எது பொருந்தும் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

சரி, என்ன சொல்லவேண்டும்? இதைத்தான் பலரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லைட்டான வண்டியாகக் கொடுங்கள்" என்பது காரியத்தைத் தெரிவித்ததாகாது.

முதலில் எடை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு கிலோ கணக்கு இருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், கீழே பொடி எழுத்தில் "பேட்டரி நீங்கலாக" என்று போட்டிருக்கும். சிலவற்றில் இருக்கையும் நீங்கலாக. மடக்கு வண்டிகளில் இரண்டு வகை. ஒன்று, முழுதாக மடங்கி ஒரே பெட்டி போல நிற்கும். மடக்குவது சுலபம், தூக்குவது கஷ்டம். மற்றது நான்கைந்து பாகமாகக் கழலும். ஒவ்வொரு பாகமும் குறைந்த எடை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை குனியவேண்டும். மூச்சுத்திணறல் உள்ளவருக்கு எடை மட்டும் கணக்கு இல்லை. குனியும்போது வயிறு மேலே அழுத்தி, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்கு இடம் குறைகிறது. கையை உயர்த்திப் பாரம் தூக்கும்போது, மூச்சுக்கு உதவவேண்டிய தோள் தசைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. எனவே "மொத்த எடை எவ்வளவு" என்று கேட்டால் போதாது. பேட்டரியோடு சேர்த்து, மிகக் கனமான ஒற்றைப் பாகம் எவ்வளவு, அதை எந்த உயரத்துக்குத் தூக்கவேண்டும், தூக்கப்போவது யார் என்று கேளுங்கள். உங்களுக்குத் துணையாக வருபவரும் வயதானவர் என்றால் அதையும் எழுதுங்கள். ரிமோட்டில் தானே மடங்கும் வண்டிகளும் உண்டு. ஆனால் கார் டிக்கியில் அவை தானே ஏறிக்கொள்வதில்லை.

அடுத்தது ஆக்சிஜன். கான்சென்ட்ரேட்டரை எங்கே வைப்பது, குழாய் சக்கரத்திலோ ஹேண்டில் மடங்கும் இடத்திலோ சிக்காதா, வண்டி தாங்கும் அதிகபட்ச எடையில் உங்களோடு அதுவும் பையும் அடங்குமா என்று கேளுங்கள். "பின்னால் ஒரு ஸ்டாண்ட் வெல்டிங் வைத்துக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். தயாரிப்பாளர் அனுமதிக்காத மாற்றம் செய்தால் வாரண்டி போய்விடும் என்று வாரண்டி அட்டையிலேயே பெரும்பாலும் இருக்கும். உதிரியாக வாங்கும் தாங்கியானாலும், இந்த மாடலுக்கு உகந்தது என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பது இன்னொன்று. விளம்பரத்தில் சொல்லும் தூரம், எடை குறைந்த ஒருவர் சமதளத்தில் புது பேட்டரியோடு ஓட்டினால் கிடைப்பது. மற்றவர்களுக்கு வண்டி நடுவழியில் நின்றால் அது ஒரு தொல்லை. உங்களுக்கு நடந்து திரும்புவது என்ற வழியே கிடையாது, மோட்டாரை விடுவித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. அதனால் உங்கள் எடைக்கு, உங்கள் வழியில் உள்ள ஏற்றத்துக்கு எவ்வளவு ஓடும் என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உட்காரும் விதத்தைக் கடையில் நீங்களே பார்த்துவிடலாம்: கைப்பிடியை எட்ட முன்னால் கூனவேண்டியிருக்கிறதா, மூச்சு வாங்கும்போது முழங்கையை ஊன்றிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரருக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ இப்படி அனுப்பலாம்: "எனக்கு சி.ஓ.பி.டி. உள்ளது. என்னால் குனிந்து பாரம் தூக்க இயலாது. உடன் வருபவர் இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கமாட்டார். இத்தனை கிலோ எடையுள்ள ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை எடுத்துச் செல்வேன். விமானத்தில் கொண்டுபோகவேண்டும், எனவே பேட்டரி கழற்றக்கூடியதாகவும், அதன் மின்கொள்ளளவு 300 வாட்-மணிக்கு மிகாமலும் இருக்கவேண்டும். இவற்றுக்குப் பொருந்தும் வண்டியை நீங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். ஓட்டிப் பார்த்து, மடக்கித் தூக்கிப் பார்த்த பிறகே வாங்குவேன். பொருந்தாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும்." அவர் "ஓகே சார்" என்று ஒரு வரி பதில் போட்டாலும் அது சாட்சியம். பதிலே போடாமல் "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்றால், போய்வந்து "இன்று நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி அவர் சொன்னதையெல்லாம் நீங்களே எழுதி அனுப்புங்கள்.

"ஃபிளைட்டில் கொண்டுபோகலாம்" என்ற வாய்ச்சொல்லுக்கு வருகிறேன். இன்ன மாடல் ஸ்கூட்டர் விமானத்துக்கு உகந்தது என்று ஐயாட்டா என்கிற பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம் சான்றிதழ் கொடுப்பதில்லை. பேட்டரிக்கு விதி இருக்கிறது. அனுமதிப்பது அந்தந்த விமான நிறுவனம். கழற்றி எடுக்கிற லித்தியம் பேட்டரி என்றால் ஒன்று 300 வாட்-மணி வரை, இரண்டு பேட்டரி வண்டி என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. கழற்றிய பேட்டரி உங்களோடு கேபினில்தான் வரவேண்டும், சரக்கறைக்குப் போகக்கூடாது. கணக்கு சுலபம், வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240, தாராளமாகப் போகலாம். அதே 24 வோல்ட்டில் 15 ஆம்பியர்-மணி என்றால் 360, கழற்றிக் கையில் கொண்டுபோகும் வரம்பைத் தாண்டிவிட்டது. அதிக தூரம் ஓடும் என்று பெரிய பேட்டரியைக் கடைக்காரர் தள்ளிவிடுவது இங்கேதான் வினையாகும். பேட்டரியின் மேலேயே வாட்-மணி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் செக்-இன் கவுண்டரில் தகராறுதான். யு.என். 38.3 என்ற பாதுகாப்புச் சோதனையின் சுருக்க அறிக்கையையும் கேளுங்கள், தயாரிப்பாளரிடம் இருந்தாகவேண்டும். இவற்றையெல்லாம் டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்து, அனுமதியை எழுத்தில் வாங்கி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கான்சென்ட்ரேட்டருக்கும் அதன் பேட்டரிகளுக்கும் தனியாக அனுமதி கேட்கவேண்டும். பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் குறையும் என்பதால், பயணத்துக்கு உகந்தவர் என்ற மருத்துவரின் படிவத்தையும் பெரும்பாலும் கேட்பார்கள்.

உடைந்தால் யார் பொறுப்பு? பன்னாட்டு விமானப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். நீங்கள் ஒப்படைத்த வண்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் நிறுவனம் பொறுப்பு. ஆனால் சட்டம் அதைப் பயணப்பை வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஒருவருடைய கால் போன்ற சாதனத்தைத் துணிப்பெட்டியோடு சேர்த்து எடைபோடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. வண்டியின் விலை அதைத் தாண்டினால், ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட உடன்படிக்கையில் வழி இருக்கிறது. "ஸ்பெஷல் டிக்ளரேஷன் ஆஃப் இன்ட்ரஸ்ட்" என்று கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கையில் வாங்கியதும், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சேதத்தைப் பதிவு செய்யுங்கள். எப்படியும் வண்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் போயாகவேண்டும். அந்த 7 நாளைத் தவறவிட்டால், நிறுவனம் மோசடி செய்திருந்தால் தவிர, வழக்கே நிற்காது. வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம். உள்நாட்டுப் பயணத்துக்கு அந்தந்த நாட்டின் சட்டம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மனசு மாறியதால் திருப்பிக் கொடுப்பதை அது தடுக்கலாம். பழுதான பொருளையும், சொன்ன காரியத்துக்குப் பொருந்தாத பொருளையும் தலையில் கட்டிவிட்டு அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நுகர்வோர் சட்டங்கள் பொதுவாக விடுவதில்லை. ஆனால் உங்கள் பக்கமும் தாமதம் கூடாது. வண்டியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு அப்புறம் பொருந்தவில்லை என்றால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதன்பிறகு நஷ்டஈடு கேட்கலாமே தவிர, வண்டியைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். வந்த வாரத்திலேயே ஓட்டி, மடக்கி, காரில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். குறை தெரிந்த அன்றே எழுதுங்கள். அதன்பின் வண்டியை ஓட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பில் யார் பெயரில்? பணம் கட்டுவது மகள், ஓட்டுவது நீங்கள். ஒப்பந்தம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில்தான் என்பது பொது விதி. சம்மதத்தோடு பயன்படுத்துபவரையும் நுகர்வோராக ஏற்கும் சட்டங்கள் உண்டு, இந்தியாவின் 2019 சட்டம் அப்படித்தான். இருந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் மகளை வாதியாக்கி, அவர் விடுமுறைக்கு வரும்வரை விசாரணையைத் தள்ளிப்போடுவது யாருக்கும் வேண்டாம். பணத்தை அவர் உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். பில், வாரண்டி அட்டை, கடைக்காரரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து மூன்றும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.