இணையப் பள்ளியில் முடித்த வேதியியல் கணக்கில் வராவிட்டால்

கேள்வி: டெக்சாஸ் மாநில அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்புப் படிக்கும் என் மகன், கூடைப்பந்துத் தரவரிசைகளில் முன்னணியில் இருப்பவன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று முழு உதவித்தொகையுடன் அழைத்திருக்கிறது. பள்ளி ஆலோசகர் சொன்னதை நம்பி, கடந்த கோடையில் தனியார் இணையப் பள்ளி ஒன்றில் மூன்றே வாரத்தில் வேதியியலை முடித்தான். என்சிஏஏ தகுதி மையம் அதை ஏற்க மறுக்கிறது. பாடம் 18 வாரம் நடந்ததாகக் கடிதம் வாங்கித் தருவதாக கிளப் பயிற்சியாளர் சொல்கிறார். வாங்கலாமா, அல்லது வழக்குத் தொடரலாமா? அவன் மதிப்பெண் சராசரி 4-க்கு 2.41.

பதில்: சராசரியைப் பற்றிக் கவலை வேண்டாம், முதல் பிரிவுக்கு 2.3 போதும், நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் 2023இல் நீக்கிவிட்டார்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேவையான 16 அடிப்படைப் பாடங்களில் பத்தை 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும், அவற்றுள் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலின்படி, வேதியியலை நீக்கினால் உங்கள் மகனிடம் பத்துக்கு ஒன்பதும் ஏழுக்கு ஆறுமே எஞ்சுகின்றன. இப்போது வேதியியலை மீண்டும் படித்தால் 16 நிறையுமே தவிர, கடந்துபோன அந்தப் பத்து நிறையாது.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. 16 பாடங்களையும் 2.0 சராசரியோடு முடிப்பவருக்கு ‘அகாடமிக் ரெட்ஷர்ட்’ என்ற நிலை உண்டு: உதவித்தொகை பெறலாம், முதல் கல்விப் பருவத்தில் பயிற்சியும் செய்யலாம், முதல் ஆண்டு போட்டிகளில் மட்டும் ஆட முடியாது. பலருக்கு இது ஓராண்டுக் காத்திருப்புதான். 19 வயதும் பள்ளிக்குப் பின் ஓராண்டும் ஆனதும் என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் வீரர் தேர்வுக்குப் போக நினைக்கும் பையனுக்கோ அந்த ஒரு ஆட்டப் பருவமே முழு மேடை என்பதை உணர்கிறேன்.

எனவே முதலில் பாடத்தைக் காப்பாற்ற முயல வேண்டும். ஆசிரியர் மாணவனோடு தொடர்ந்து தொடர்பில் இருந்து கற்பித்தாரா, மதிப்பிட்டாரா, பாடத்துக்கு வரையறுத்த காலம் இருந்ததா என்பதையே மையம் பார்க்கிறது. மூன்று வாரம் என்பது உங்கள் தரப்பின் பலவீனம்தான். அதை மறைக்க முடியாது. உள்நுழைவுப் பதிவுகள், ஆசிரியரின் மின்னஞ்சல்கள், திருத்தப்பட்ட ஒப்படைப்புகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் விதிவிலக்கு கோரலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தை நீங்களோ நானோ அனுப்ப முடியாது, பல்கலைக்கழகம்தான் அனுப்ப வேண்டும். ஆகவே பல்கலைக்கழகப் பயிற்சியாளரின் வாய்மொழி உறுதியை நம்பியிராமல், அங்குள்ள விதி இணக்க அலுவலகத்துக்கு எழுத்து மூலம் கோரிக்கை வையுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, என்சிஏஏ அரசு அமைப்பு அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் டார்க்கேனியன் வழக்கில் தீர்ப்பளித்ததால், அரசியலமைப்பு உரிமையைக் காட்டி அதன்மீது வழக்குப் போடுவது வீண். பள்ளியின்மீது? இதே போன்ற தவறான ஆலோசனையால் உதவித்தொகை இழந்த கூடைப்பந்து மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கு மேலே நடக்கலாம் என்று அயோவா உச்ச நீதிமன்றம் 2001இல் அனுமதித்தது; ஏறத்தாழ அதே நிலையிலிருந்த ஹாக்கி மாணவரை, அரசுக்குள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டி விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2003இல் திருப்பி அனுப்பியது. டெக்சாஸ் சட்டம் இன்னும் கடுமையானது: மோட்டார் வாகனம் தொடர்பான சேதங்கள் தவிர, பள்ளி மாவட்டங்கள்மீது இழப்பீட்டு வழக்கு அநேகமாக நிற்காது. இணையப் பள்ளி தன் விளம்பரத்தில் என்சிஏஏ அங்கீகாரம் உண்டு என்று கூறியிருந்தால் மட்டும், ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டப்படி 60 நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்து வழக்குத் தொடர வழி இருக்கிறது. அதில் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஆடாமல் போன பருவத்துக்கு விலை மதிப்பிட்டு நிரூபிப்பது கடினம்.

பாடம் 18 வாரம் நடந்ததாகச் சொல்லும் அந்தக் கடிதத்தைத் தொடவே வேண்டாம். பொய்ச் சான்று வெளிப்பட்டால், இன்று கையில் இருக்கும் ரெட்ஷர்ட் வாய்ப்பும் போய்விடும். தகுதி மையம் ஒருமுறை அனுமதித்துவிட்டாலும் அது முடிவல்ல: மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்று ஆடிய வீரரின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் பின்னர் ரத்தானதால், இறுதிப் போட்டிவரை சென்ற 2007-08 பருவத்தின் 38 வெற்றிகளும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. கடிதம் வாங்கித் தருவதாகச் சொன்ன கிளப் பயிற்சியாளர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். பதிலாக ‘வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.