அமெரிக்க அரசு முடங்கினால் எந்தச் சேவைகள் நிற்கும்? எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் உதவி கிடைக்குமா?

எல்லாமே நின்றுவிடாது. நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1க்குள் நாடாளுமன்றம் செலவுக்கு ஒப்புதல் தராவிட்டால், அந்த ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் பணிகளே முடங்கும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் தபாலும் வந்துகொண்டுதான் இருக்கும். விமான நிலையச் சோதனைப் பணியாளர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வர வேண்டும். பாக்கியைப் பிறகு தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டு வாடகை அதுவரை பொறுக்குமா என்ன?

உங்கள் இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. உறுப்பினரின் அலுவலகம் பெரும்பாலும் திறந்திருக்கும், தொலைபேசியையும் எடுப்பார்கள். ஆனால் அவர்கள் செய்வது உரிய துறையிடம் கேட்டுச் சொல்வதுதான். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் கட்டாய விடுப்பில் இருந்தால் உங்கள் கோப்பு அப்படியே கிடக்கும். 2025இல் 43 நாள் நீடித்த முடக்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். குடியேற்றத் துறை கட்டண வருவாயில் இயங்கியது. ஆனால் எச்-1பி என்ற வேலை விசா மனுவுக்கு முன்னதாகத் தேவைப்படும் தொழிலாளர் துறைச் சான்று அக்டோபர் கடைசி வரை கிடைக்கவில்லை. எந்த உறுப்பினரின் கடிதமும் அதை நகர்த்தியிருக்காது.

முடக்கம் வரும்போலத் தெரிந்தால், உங்கள் விவரங்களைப் பகிர்வதற்கான ஒப்புதல் படிவத்தில் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் துறைகள் உறுப்பினர் அலுவலகத்திடம் உங்கள் கோப்பைப் பற்றிப் பேசாது.