செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை: டீசல் கார் கேள்வி-பதில்

இந்த முறை எல்லாமே டீசல் வண்டிக் கேள்விகள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி இறங்கி ‘டக் டக்’ என்று நிற்கிற வண்டிகளை இதில் சேர்க்கவில்லை.

என் காரில் 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் எஞ்சின். 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன வாரம் டீசல் ஃபில்டர் மாற்றினோம். அன்று ஓடியது; மறுநாள் காலையிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? (வாசகர், கரூர்)

வேண்டாம், பொறுங்கள். இன்ஜெக்டர் என்பது டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாகம். முந்தின நாள் வரை ஓடிய வண்டியில் நான்கு இன்ஜெக்டரும் ஒரே ராத்திரியில் போகாது. கடைசியாகக் கை வைத்த இடம் எது? ஃபில்டர். அங்கிருந்துதான் தேட வேண்டும்.

அதற்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் சைலன்சர் பின்னால் நின்று பார்க்கட்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்து, டீசல் வாடை மூக்கில் ஏறினால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக் (குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டருக்குள் சூடேற்றுவது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு), செல்ஃப் சுற்றும் வேகம் என்று அந்தப் பக்கம் போகலாம். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. உங்கள் வண்டி இரண்டாவது ரகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அன்று ஓடி, மறுநாள் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. ஃபில்டர் மூடியில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மடங்கியிருந்தாலோ, ஓஸின் கிளிப் ‘கிளிக்’ என்று முழுதாக உட்காராவிட்டாலோ, பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. அதனால்தான் பலர் ‘லீக் இல்லை’ என்று கடந்து போய்விடுகிறார்கள். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது லைனில் இருக்கும் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்குக் கிடைப்பது காற்று. நம் ஆட்கள் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பது இதைத்தான்.

ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஓஸில், ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான ஓஸை இடையில் மாட்டிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். நல்ல லைனில் டீசல் கண்ணாடி மாதிரி நிறைந்து நிற்கும். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழிகளை விட்டுவிடலாம். சோடாவைத் திறந்த மாதிரி விடாமல் பொடிக் குமிழிகள் ஓடினால், காற்று வரும் இடம் அந்த ஓஸுக்கு முன்னால் எங்கோ இருக்கிறது. ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, டீசல் தடவி உட்கார வைத்து, ஃபில்டர் மேல் கைப் பம்ப் இருந்தால் அது இறுகும் வரை அழுத்தி ஏர் எடுங்கள். டேங்குக்குள் மின்சாரப் பம்ப் உள்ள வண்டியானால், சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இதை ஐந்தாறு முறை செய்யலாம். ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிடிக்கவில்லையென்றால் ஸ்கேனர், அதாவது வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி. ஆனால் எரர் கோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கழற்றிவிடக் கூடாது; செல்ஃப் அடிக்கும்போது ஓடும் எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போதே ஆர்.பி.எம். பூஜ்யம் என்று காட்டினால் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை அளப்பது), அல்லது அதன் ஒயர். ஆர்.பி.எம். 200, 250 என்று காட்டி, ரெயில் பிரஷர் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பங்கிடும் பொதுக் குழாயான ரெயிலில் உள்ள அழுத்தம்; ‘பார்’ கணக்கில் அளப்பார்கள்) 40, 50 பாரிலேயே தவழ்ந்தால், பம்புக்கு டீசல் சரியாக வரவில்லை, அல்லது வந்த பிரஷர் எங்கோ ஒழுகுகிறது. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும் என்றாலும், ஏறக்குறைய 200 பாரைத் தொடாமல் இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) இன்ஜெக்டரைத் திறக்காது. அங்கே 250 பார் நிற்கிறது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை என்றால் பிரஷரை விட்டுவிட்டு இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு வண்டி பிடிக்காமல் தடுப்பது), இன்ஜெக்டர் ஒயரிங் பக்கம் போக வேண்டும்.

இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டிய கட்டம் இப்போதுதான் வருகிறது. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஓஸையும் (மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ஓஸ்) கழற்றி, நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு, பத்து நொடி செல்ஃப் அடித்தால் போதும். நல்ல இன்ஜெக்டர் இந்த நேரத்தில் சொட்டினாலே அதிகம். ஒரு பாட்டிலில் மட்டும் கடகடவென்று ஏறினால் குற்றவாளி அதுதான். மற்ற மூன்றையும் தொடாதீர்கள். இது சோலினாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) இன்ஜெக்டருக்கான சோதனை. பீசோ (மின்சாரத்தில் விரியும் படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டர் வண்டியில் ரிட்டர்ன் ஓஸை இப்படித் திறந்து விடக் கூடாது. மாற்றும்போது அடியில் புது காப்பர் வாஷர் போட வேண்டும், இன்ஜெக்டர் மேல் பொறித்திருக்கும் கோடு எண்ணை ஸ்கேனரில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் புது இன்ஜெக்டர் வாங்கிய பணம் வீண்.

நான்கு இன்ஜெக்டரும் மாற்றிய பிறகும் ஸ்டார்ட் ஆகாமல், டோ செய்து என்னிடம் வந்த ஒரு காரை நான் மறக்கவில்லை. ஃபில்டர் மூடியைத் திறந்தால், ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அந்தக் குடும்பம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துச் செலவழித்திருந்தது. அதனால்தான் அளக்காமல் மாற்றாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்று வாரம் வண்டி வெளியே மழையில் நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகி, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மீட்டரில் ஃபில்டர் மாதிரி ஒரு விளக்கு எரிகிறது. (வாசகர், நாகர்கோவில்)

அந்த விளக்கு, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று சொல்கிறது. இனிமேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஹை பிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. தண்ணீர் போனால் உரசித் தேயும், துருப்பிடிக்கும்.

ஃபில்டர் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனம். மேலே மஞ்சளாக டீசலும் கீழே தண்ணீரும் கோடு போட்டது போலப் பிரிந்து நிற்கும். தண்ணீர் கொஞ்சம்தான் என்றால், வடித்துவிட்டுப் புது ஃபில்டர் போட்டால் போதும். பாட்டிலில் பாதி தண்ணீரானால் டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். பழுப்பு நிறத்தில் பாசி மாதிரி வழுவழுப்பாக ஏதாவது வந்தாலும் அப்படியே. தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது, புது ஃபில்டரையும் அது சீக்கிரமே அடைத்துவிடும். டேங்க் மூடியின் ரப்பரையும் பாருங்கள், மழைநீர் இறங்கிய வழி அதுவாக இருக்கலாம்.

காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. முக்கால் மணி நேரம் ஆற விட்டால் ஆகிறது. (வாசகர், சேலம்)

சூடான டீசல் நீர்த்துப் போகும். காலையில் தேய்ந்த பம்பும் இன்ஜெக்டரும் எப்படியோ பிடித்து வைத்திருந்த பிரஷர், சூட்டில் இடுக்கு வழியாக ஒழுகிவிடும். ஆனால் கிராங்க் சென்சாரும் சூடானால் மட்டும் செத்து, ஆறியதும் உயிர் பெறும் பழக்கம் உள்ளது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும்.

வண்டி நின்றிருக்கும் அந்த நேரத்தில் அளந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே காட்டும். போனோடு இணையும் சின்ன ஓபிடி கருவி (ஸ்கேனர் மாதிரி) ஒன்று வண்டியில் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆகாத சமயத்தில் செல்ஃப் அடித்தபடி, ஆர்.பி.எம்., ரெயில் பிரஷர் இரண்டையும் போனில் வீடியோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆர்.பி.எம். பூஜ்யமானால் சென்சார். ஆர்.பி.எம். வந்தும் பிரஷர் ஏறாவிட்டால் முதல் பதிலில் சொன்ன பாட்டில் சோதனை, அதையும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே.

பழைய அம்பாசடர் டீசல். டேங்க் டிரை ஆகிவிட்டது. டீசல் ஊற்றியும் பிடிக்கவில்லை. (வாசகர், மன்னார்குடி)

ஏர்தான். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும் வரை கைப் பம்பை அடித்து, வந்துகொண்டிருக்கும்போதே முடுக்குங்கள். பிறகு பம்பில் உள்ள ஸ்க்ரூ. அப்புறம் நாசிலுக்கு (டீசலைப் பீய்ச்சும் முனை) வரும் குழாயின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் முடுக்கிவிடலாம். கையை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இதைப் படிக்கும் காமன் ரெயில் (முதல் பதிலில் சொன்ன ரெயில் உள்ள) வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியில் ஸ்பேனர் போட்டு நாசில் லைனைத் தளர்த்தவே கூடாது. எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயில் 1,000 பாருக்கு மேல் பிரஷர் போகும். அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்படிப் பட்டுவிட்டால் அதே நிமிடம் ஆஸ்பத்திரிக்குப் போய், ‘பிரஷரில் டீசல் உள்ளே போய்விட்டது’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

பங்க்கில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். எட்டு லிட்டர் இருக்கும். டீசல் மேலே நிரப்பி ஓட்டிவிடலாமா? (வாசகர், செங்கல்பட்டு)

ஓட்டக் கூடாது. சாவியை ஆன்கூடச் செய்ய வேண்டாம். டேங்க் பம்ப் ஓடி, பெட்ரோலை முன்னால் தள்ளிவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்கை முழுதாக வடியுங்கள். பெட்ரோலில் மசகு கிடையாது. பம்ப் உரசி உதிரும் இரும்புப் பொடி ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விட்டால், மொத்த சிஸ்டத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஜனவரிக் காலைகளில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஒன்பது மணிக்கு வெயில் பட்டதும் ஆகிவிடுகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே வாங்கலாமா? (வாசகர், ஊட்டி)

ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது ஈதர். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அது நேரம் தவறிப் பற்றி, பிஸ்டனையே உடைத்துவிடும்.

இங்கேயும் புகைதான் வழிகாட்டி. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். ஒயரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் அளந்தால் நல்ல பிளக் ஏறக்குறைய 1 ஓமோ அதற்குக் கீழோ காட்டும். போனது ஒன்றும் காட்டாது. புகையே இல்லாவிட்டால், டீசலில் உள்ள பாரஃபின் மெழுகு உறைபனியில் கட்டியாகி ஃபில்டரை அடைத்திருக்கலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஃபில்டரைச் சுற்றிப் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மெழுகாக இருந்தால் வெயிலுக்குக் காத்திருக்காமலே வண்டி பிடித்துவிடும்.