ஐ.நா. படையும் தலைக்கு இத்தனை டாலரும்

ஐயா வணக்கம். என் அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறார். காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்துவிட்டு வந்து வீட்டுக்கு மாடி எடுத்தார். “தலைக்கு மாசம் லட்ச ரூபாய்க்கு மேல டாலர்ல வருதாம்ல, ஆளை வாடகைக்கு விடுறாங்க” என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போகிறது. உண்மை என்ன?
– வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

தொகை சரிதான், போகிற இடம்தான் வேறு. 2022 ஜூலையில் ஐ.நா. வீரருக்கு மாதம் 1,448 டாலர் என்று நிர்ணயித்தது. அது இந்திய அரசுக்குப் போகிறது. வீரர் கையில் ஐ.நா. நேரடியாகக் கொடுப்பது நாளுக்கு 1.28 டாலர், விடுப்பு நாட்களுக்குத் தனியாகக் கொஞ்சம். சம்பளமும் படியும் நம் அரசு தருவது. மாடி அதில் மிச்சம் பிடித்து எழுப்பியதுதான்.

எந்த நாட்டு வீரருக்கும் இதே தொகைதான். சம்பளம் குறைந்த நாட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும், ஐரோப்பிய நாட்டுக்குக் கையைக் கடிக்கும். நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, இந்தியா எல்லாம் முன்வரிசையில் நிற்க இதுவும் ஒரு காரணம். ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கே 1970-களில்தான் வந்தது. நம் ராணுவத்தின் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா ஐ.நா. படையில் போய் அதே காங்கோவில் உயிரைக் கொடுத்தது அதற்கு முன்பே, 1961-இல். அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள்.

வாடகை உண்டு, ஆளுக்கு அல்ல, நாடுகள் கொண்டுபோகும் வண்டிக்கும் சாமானுக்கும். தெற்கு சூடானில் இருந்த திருமங்கலத்து ஹவில்தார் ஒருவர் சொன்னார்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐ.நா. ஆட்கள் நோட்டும் கையுமாக வருவார்களாம். கவச வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக் காட்ட வேண்டும். ஜெனரேட்டர், கூடாரம், கக்கூஸ் வரை எண்ணுவார்களாம். ஓடாத வண்டிக்குக் காசு கிடையாது.

என் ஆத்திரம் வேறு இடத்தில். படையை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பது ஐ.நா.வின் பாதுகாப்பு கவுன்சில். அங்கே வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், வைத்திருக்கும் ஐந்து நாடுகளில் சீனாவைத் தவிர மற்றவை அனுப்பும் ஆட்கள் சொற்பம். ஐ.நா. படையில் செத்தவர்களில் இந்தியர்தான் அதிகம், ஏறக்குறைய 180 பேர். பணமாவது ஒழுங்காக வருகிறதா? அமைதிப்படைச் செலவில் அமெரிக்காவின் பங்கு சுமார் 26 சதவீதம். 25-க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள், அதையும் முழுசாகக் கட்டுவதில்லை. அந்தப் பாக்கி ஆள் அனுப்பிய நாடுகளின் தலையில் விழுகிறது. 2025 அக்டோபரில், கையில் காசில்லை, ஒன்பது இடங்களில் கால்வாசிப் படையைக் குறைக்கிறோம் என்று ஐ.நா. அறிவித்தது. முகாமை நம்பி அதன் வேலியோரம் குடிசை போட்டிருக்கும் சனங்களுக்கு அப்புறம் யார் காவல்?